முயல் வயிற்றில் என் சோறு

முயலின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டுமென்று நான் ஒன்றும் தவம் கிடக்கவில்லை. ஒரு காலையில், மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில், என் மாமியார் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து செத்த முயல் ஒன்றின் வயிற்றைப் பிளந்தார். பூக்காரி முழம் போடுகிற மாதிரி குடலை உருவி, என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"பாரு. நல்லாப் பாரு. நீ வச்ச மருந்து எப்படி ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நீயே பாத்துக்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி வந்து அப்போது ஒரு வருடம்கூட முடிந்திருக்காது.

மருந்து என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவரை மயக்கவோ கெடுக்கவோ சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவார்களாம். அது செரிக்காமல் குடல் சுவரில் அட்டை போல ஒட்டிக்கொண்டு, உள்ளே போகிற சோற்றையெல்லாம் தானே தின்று, ஆளைக் குச்சியாக உருக்கிவிடுமாம். இடுமருந்து என்பார்கள். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பெண்டாட்டிதான் வைப்பாள் என்று முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். ஏன், வேறு யாரும் வைக்கமாட்டார்களா என்று ஒருவரும் கேட்டதில்லை.

முயல்கள் எங்களுக்கு வந்ததே ஒரு வேடிக்கை. என் கணவர் வெள்ளைக்கார துரை ஒருவரிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். நாட்டுக்கு எப்போது விடுதலை என்று பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் கூட்டிச் சொன்ன வருடம் அது. ஊரெல்லாம் கொண்டாட்டம், துரை வீட்டில் மட்டும் பெட்டி கட்டுகிற சத்தம். கப்பலேறும் முன் துரையின் மனைவி தன் பிள்ளைகள் வளர்த்த முயல்களைக் கூண்டோடு என் கணவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். மாமியார் வாசலில் நின்று அந்தக் கூண்டைப் பார்த்தார். "ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் நாட்டைக் குடுத்துட்டுப் போறான். என் மவனுக்கு மட்டும் முயலைக் குடுத்துட்டுப் போறான்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த நாள்களும் இருந்தன, இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

துரை போன பிறகு என் கணவர் லாரி ஓட்டப் போனார். அதற்குப் பின்தான் உடம்பு கெட ஆரம்பித்தது. வலப்பக்க அடிவயிற்றில் வலி. பொழுது சாய்ந்தால் லேசான காய்ச்சல். இடுப்பு வாரில் ஆணியால் புதுத் துளை போடுவார், கொஞ்ச நாள் கழித்து அதற்கும் உள்ளே இன்னொரு துளை போடுவார். நான் முருங்கைக்கீரை வைத்தேன், பருப்பு வைத்தேன், அவருக்குப் பிடிக்கும் என்று ரசம் ஊற்றிச் சோற்றைக் குழைத்துக் கொடுத்தேன். வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் முயல் கூண்டுப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடுவார். தட்டு காலியாகத்தான் திரும்பி வரும். ஆனால் ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனார்.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றேன்.

"ஆஸ்பத்திரியில வயித்தக் கிழிப்பான். போட்ட சோறெல்லாம் எங்க போவுதுன்னு அவனுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்" என்றார் மாமியார்.

மகனை அழைத்துக்கொண்டு புக்கிட் ரம்பாய் பக்கம், மருந்து எடுக்கிறவர் என்று பேரெடுத்த ஒரு மனிதரிடம் போனார். நானும் கூடப் போனேன். அந்த ஆள் ஏதோ பச்சிலைச் சாறைக் குடிக்க வைத்தார். என் கணவர் குடல் வெளியே வந்துவிடுகிற மாதிரி வாந்தி எடுத்தார். அந்த ஆள் வாந்திக்குள் கையை விட்டுத் துழாவி, கறுப்பாக ஒரு சிறு உருண்டையை எடுத்து வெற்றிலையில் வைத்துக் காட்டினார். என் கண்ணுக்கு அது புளியும் மயிரும் சேர்த்து உருட்டிய மாதிரிதான் இருந்தது. சொன்னால் யார் கேட்பது?

"பாதிதான் வந்திருக்கு" என்றார் அந்த ஆள். "மீதி குடல் சுவத்துல வேர் விட்டுருச்சு. வீட்ல ஒல வைக்கிறது யாரு?"

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதைவிட, வாந்தி எடுத்துக் களைத்துக் கிடந்த என் கணவரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் சமையல் என் கையில்தான். மாமியாருக்கு முழங்கால் வலி, அடுப்பு முன் நிற்க முடியாது. அதனால் அடுப்படி வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். உப்பு போட்டால் "அது என்னா?" மிளகுப்பொடி போட்டால் "அது என்னா?" மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு சிட்டிகை என் வாயில் போட்டுக் காட்டிவிட்டுச் சட்டியில் போட்டேன்.

கொஞ்ச நாளில் ஒரு முயல் செத்தது. வெள்ளை முயல், வயிறு மத்தளம் மாதிரி உப்பிக் கிடந்தது. தூக்கிப் புதைக்கலாம் என்று நான் போனபோது மாமியார் கூண்டுக்குள் குனிந்து எதையோ பொறுக்கினார். காங்கோங் கீரைக்கும் புல்லுக்கும் நடுவில் மஞ்சள் பூத்த சோற்றுப் பருக்கைகள் கிடந்தன.

"நில்லு" என்றார். "அரிவாள்மனையை எடுத்தா."

குடல் விஷயத்தில் என் மாமியாரை மிஞ்ச எங்கள் சனங்களில் ஆளில்லை. வருடா வருடம் முனீஸ்வரன் பூசையில் கிடா வெட்டினால் குடல் நேராக அவர் கைக்குத்தான் வரும். குச்சி விட்டு உள்பக்கத்தை வெளியே புரட்டி, உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, விரலால் தடவிக்கொண்டே போவார். சில ஆட்டுக் குடலின் சுவரில் குருணை குருணையாகத் தட்டுப்படும். புழு கட்டிய குடல் என்பார். பார்க்காமலே விரலால் கண்டுபிடித்து அந்தத் துண்டை அறுத்து நாய்க்கு எறிவார். அவர் அலசிய குடலைச் சாப்பிட்டு யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதனால் அவர் ஒரு குடலைப் பார்த்துக் கெட்டது என்றால் அது கெட்டதுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

அன்றைக்கு முயலின் வயிற்றுக்குள்ளிருந்து முதலில் வந்தது என் சோறு. இரைப்பை நிறையப் பருப்புக் குழம்பு கலந்த சோறு, முருங்கைக்கீரையோடு. அப்புறம் மாமியார் சிறுகுடலை உருவினார். சணல் கயிறு போல ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டே இருந்து, முடிகிற இடத்தில் திடீரென்று ஒரு உருண்டை. கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரியது. வெளுப்பாக, கெட்டியாக, குடலோடு குடலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்து கரும்பச்சையாக ஒரு பெரிய பை, அந்தப் பையின் வாலில் செத்துப்போன சுண்டுவிரல் மாதிரி வெளுத்த தடிப்பு ஒன்று. மாமியார் உருண்டையைப் பிளந்தார். உள்ளே சுவர் தடித்து, தேனடை போலக் குழி குழியாக இருந்தது.

"ஆட்டுக்கு இது கெடையாது" என்றார். "கோழிக்குக் கெடையாது. என் ஆயுசுல எந்தக் கொடல்லயும் நான் இதப் பாத்ததில்ல. உன் சோத்தத் தின்ன முயல் வயித்துலதான் இருக்கு." அதற்குப் பின்தான், முதலில் சொன்னேனே, குடலை என் முகத்துக்கு நேராகத் தூக்கினார்.

கேட்க வேண்டியதை மட்டும் எப்படியோ கேட்டேன். "முயலுக்கு யாரு சோறு போட்டது?"

"அத என்கிட்ட ஏன் கேக்குற?"

என்னைச் சோதிக்க அவர்தான் போட்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன். மகனுக்கு வைத்ததில் மிஞ்சியதை நான்தான் கூண்டில் கொட்டி மறைத்திருக்கிறேன் என்று அவர் நினைத்தார். என் கணவர் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அந்த உருண்டையைப் பார்த்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில பஸ்ஸு. உங்கப்பன் வீட்ல கொண்டு போய் விட்டுட்டு, ஏன் விட்டேன்னு எஸ்டேட்டு சனத்துக்கிட்டயும் சொல்லிட்டு வருவேன்" என்றார் மாமியார்.

நான் வந்தது எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டிலிருந்து. எனக்குப் பின்னால் கல்யாணத்துக்கு நிற்கிற தங்கைகள் இருந்தார்கள். மருந்து வைத்தவளின் தங்கைகளை எவன் கட்டுவான்? புருஷன் விட்டுவிட்டான் என்றாலாவது நாலு பேர் பாவம் என்பார்கள். மருந்து வைத்தவள் என்றால் வீட்டுக்குள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அடுப்படியில் போய் உட்கார்ந்து மஞ்சள் டப்பாவை மோந்து பார்த்தேன். சீரகத்தைக் கொட்டிக் கிளறினேன். அந்த உருண்டையை நானே கண்ணால் பார்த்தவள் ஆயிற்றே. நான் சமைத்த சோறு, நான் அறியாமலே, ஒரு உயிரின் குடலில் இப்படிக் கட்டிக்கொண்டதா? என் கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாக்கா செட்டி வீடு. அந்த அக்காவும் நம்மைப் போல அம்மனைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் தமிழ் வராது, அவர்களுடைய மலாய்தான் வரும். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவளிடம் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தாள். தெங்கேராவில் தன் சொந்தக்காரர் வீட்டில் முயல் நிறைய இருக்கிறது, கறிக்கு வளர்க்கிறார்கள், அதுகள் உன் சோற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியார் முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, தெங்கேராவுக்கு நீங்களே போங்க. நீங்களே பாத்துப் புடிங்க, நீங்களே அறுங்க. நான் கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறேன். அது வயித்துல இந்த உருண்ட இல்லன்னா, நீங்க ஏத்திவிட வேணாம், நானே பஸ் ஏறிப் போயிடுறேன்."

"இருந்துச்சுன்னா?"

"இருந்துச்சுன்னா உங்க புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும். ஒரு பேச்சும் பேசக் கூடாது."

மாமியார் வாய்க்காரி, ஆனால் சொன்ன சொல்லுக்கு நிற்கிறவர். சேலையை உதறிக் கட்டிக்கொண்டு செட்டி வீட்டு அக்காவோடு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிப் போனார். அவர்கள் திரும்பி வரும்வரை நான் வாசலில் நின்றேன். உருண்டை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு முயலின் குடலில் கட்டி இருக்க வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டவள் இந்த மலாக்காவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கூடையில் வந்தது சாம்பல் நிற முயல், நல்ல கொழுகொழுவென்று, நோய்நொடி இல்லாதது. மாமியார் கிணற்றடியில் உட்கார்ந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். செட்டி வீட்டு அக்கா வேலியில் சாய்ந்து நின்றாள். அறுத்து, தோலை உரித்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலை உருவ ஆரம்பித்தார். சீராக வந்தது. வந்துகொண்டே இருந்தது.

வந்தது. அதே இடத்தில், அதே வெளுத்த உருண்டை. அதற்கப்பால் அதே கரும்பச்சைப் பை. அதே சுண்டுவிரல்.

மாமியார் அதை விரலால் அமுக்கினார். பிளந்தார். தேனடை. குனிந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கும் இருக்கே" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. "நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு. இதுக்கும் இருக்கே."

முயல் என்றால் அப்படித்தான் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஆட்டைப் படித்தவர் முயலையும் ஆடு என்று நினைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கையைப் பின்னால் கட்டியபடியே கீழே உட்கார்ந்துவிட்டேன். இல்லாத ஒன்றுக்காக என் பிழைப்பு போகப் பார்த்ததே என்றுதான் நினைத்தேன். மாமியார் எழுந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"புள்ளைய எழுப்பு. சட்டையப் போடச் சொல்லு" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கணவரின் வலப்பக்க அடிவயிற்றை அமுக்கியதும் அவர் துடித்துவிட்டார். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், பிறகு அறுத்தார்கள். டாக்டர் சொன்னதை அவருக்கு உதவியாக இருந்த டிரஸர் ஒருவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"சிறுகொடலு பெருங்கொடலோட சேர்ற எடம் இருக்குல்ல, அங்க சுவரு தடிச்சு உருண்டையாக் கட்டிப்போச்சும்மா. காசம் நெஞ்சுல மட்டும் வராது, கொடல்லயும் வரும். கெட்ட பாகத்த வெட்டியாச்சு. ஊசி போட்டாத் தேறிடுவாரு."

நானும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதே இடம். முயலுக்குப் பிறவியிலேயே இருக்கிற உருண்டை, இவருக்கு நோயாக வந்து உட்கார்ந்திருக்கிறது. மாமியார் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் புக்கிட் ரம்பாய் ஆள் காட்டிய உருண்டை என்னவென்று அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

என் கணவர் தேற ஆரம்பித்து, கஞ்சி குடிக்கலாம் என்று சொன்ன அன்றைக்கு நான் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டு போனேன். மாமியார் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது, வாய் சும்மா இருக்குமா?

"இனிமேலாவது முயலுக்குச் சோத்தப் போட்டுச் சோதிக்காதீங்க அத்தை. பாவம், அது புல்லுத் திங்கிற சாதி. சோறுதான் அதக் கொன்னுச்சு" என்றேன்.

மாமியார் என்னைப் புரியாமல் பார்த்தார். "நானா? நான் எங்க போட்டேன்? நீதான் கொட்டுனேன்னுல்ல நான் நெனச்சேன்."

"நான் ஏன் கொட்டுறேன்?"

"என் புள்ள மேல சத்தியமா நான் போடல."

பிறகு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கட்டிலைப் பார்த்தோம். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"நான்தான்" என்றார்.

நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கையில் வைத்தபடி நின்றேன்.

"உள்ள எறங்கவே இல்ல. வலி வந்ததுலேருந்தே ஒரு சந்தேகம். அதான் கூண்டுக்குப் போட்டேன். அது செத்துச்சுன்னா தெரிஞ்சுரும்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "நீ மருந்து வச்சிருப்பேன்னு ஆத்தாகிட்ட மொதல்ல சொன்னதும் நான்தான். ஆத்தா மேல கோவிச்சுக்காத."

தலையில் இடி விழுந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் சொல்வேன். சத்தமே கேட்காது. காலியாகத் திரும்பி வந்த அந்தத் தட்டுகளை, இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டுக் கழுவி வைத்த என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார் எழுந்து வந்து பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கினார். "பாவி" என்று மகனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு சாகிறவரை என் சமையலை அவர் ஒரு குறை சொன்னதில்லை.

நான் பஸ் ஏறிப் போகவில்லை. தங்கைகள் இருந்தார்கள். அவரும் நல்லவர்தான், ஊசியெல்லாம் போட்டுத் தேறி வந்து, கடைசிவரை உழைத்துப் போட்டார், என்னை ஒரு நாள் கைநீட்டி அடித்ததில்லை. புருஷன் சாப்பிட்ட தட்டில் பெண்டாட்டி பிறகு சாப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டில் அதை நான் தலைகீழாக்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வந்த அன்று சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அவர் தட்டிலிருந்து முதல் கவளத்தை எடுத்து அவர் முன்னாலேயே என் வாயில் போட்டுக்கொண்டேன். மறுநாளும் அப்படியே செய்தேன். பிள்ளைகள் பிறந்த பிறகும் அப்படியே செய்தேன்.

"அதெல்லாம் வேணாம் புள்ள" என்று அவர் ஒரு நாள் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் செய்தேன். அவர் போய்ச் சேருகிறவரை சொல்லவே இல்லை. நான் மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம்தான் தட்டில் கை வைப்பார்.